கோடித்துணிக்கு ஒரு நன்றியுரை

அறுபது ஆண்டுகள் கம்பளிச் சீப்புப் பிடித்துக் கைரேகை தேய்ந்தபோதும் நாக்கின் கூர் தேயாத எங்கள் அவைத்தலைவர் ஐசக் லக்ஸ்டன் ஐயா அவர்களே, ஆண்டு முழுதும் வண்டியோட்டி, இன்று ஒரு நாள் மட்டும் ஆட்டு ரோமத் தாடி ஒட்டி ஆயர் பிளேஸாகக் குதிரையேறி வந்து, இப்போது அந்தத் தாடியைச் சொறிந்துகொண்டிருக்கும் அண்ணன் ஜாப் சக் அவர்களே, துணி முதலாளியும் கோயில் காரியஸ்தரும், வாழும்போது நமக்கு வேலை கொடுத்து, சாகும்போது நமக்குக் கோடித்துணி விற்கும் பெருந்தகை ஹம்ஃப்ரி பொல்லார்டு அவர்களே, வெதர்கூம் ஊர்ப் பெரியோர்களே, அடுப்புக் கரியும் ஆட்டுக் கொழுப்புமாய் மணக்கும் என் சீப்புக்காரச் சகோதரர்களே, நெசவாளத் தோழர்களே, பெஞ்சு போதாததால் கதவோரம் நின்றுகொண்டே என் பேச்சைக் கேட்க வந்திருக்கும், நின்றபடியே நூற்றுப் பழகிய தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் எலியாஸ் நார்த்காட்டின் பணிவான வணக்கம்.

இன்று நம் புனிதர் பிளேஸின் திருநாள். இரும்புச் சீப்பால் உடல் கிழிக்கப்பட்டு உயிர் துறந்த ஆயர் அவர். அதே இரும்புச் சீப்பைப் பிடித்துப் பிழைக்கும் நமக்கு அவரைக் காவலராக்கிய மகராசன் யாரோ, நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவனாகத்தான் இருந்திருக்க வேண்டும். கிழிபட்டவர் காக்கிறார், காக்கப்பட்ட நாம் கிழிபடுகிறோம். அது கிடக்கட்டும்.

மேடையேறும் முன் தலைவர் என் சட்டையைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்: "எலியாசு, முதலாளி விருந்துக்கு மாடு வாங்கச் சொல்லி அஞ்சு பவுண்டு குடுத்திருக்காரு. நீதான் சங்கத்துப் பொருளாளரு. நல்லதா நாலு வார்த்தை சொல்லி, நன்றித் தீர்மானத்தை முன்மொழிஞ்சிட்டு உக்காந்திரு. வேற எதையும் கிளறாத, புரியுதா?"

நான் தலையாட்டினேன். தலைதானே, ஆட்டினால் என்ன குறைந்துவிடப் போகிறது? ஆகவே, சகோதரர்களே, நான் நன்றி சொல்லத்தான் நிற்கிறேன். நெஞ்சு நிறைய நன்றி சொல்லப் போகிறேன். எதற்கு நன்றி, எவ்வளவு நன்றி என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல மட்டும் அவை அனுமதிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் நம் டெவன் கம்பளியை ஸ்பெயின்காரனும் ஹாலந்துக்காரனும் முட்டி மோதி வாங்கினானாம். நான் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததில்லை. நான் பார்த்தது, வாங்குகிறவன் மனம் மாறியதை. கனத்த கம்பளி வேண்டாம், மெல்லியது கொண்டா என்றான். ஆளிச்செடியின் நாரில் நெய்த லினன் வந்தது. பட்டு வந்தது. கோரமண்டல் கரை என்று எங்கோ ஒரு கரையாம். அங்கிருந்து பூப்போட்ட பருத்தித் துணி கப்பல் கப்பலாய் வந்தது. துவைக்கத் துவைக்கச் சாயம் போகாதாம். நம் சீமாட்டிகள் அதை அணிந்து கோயிலுக்கு வந்து, நாம் ஜெபிக்கிறோமா என்று பார்க்காமல், நாம் பார்க்கிறோமா என்று பார்த்தார்கள். நம் கம்பளியோ கிடங்கில் கிடந்து பூச்சிக்கு விருந்தானது.

லண்டனில் நம் சட்டசபை மேதைகள் கூடினார்கள். கூடி என்ன செய்தார்கள்? குடித்தார்கள், யோசித்தார்கள், மறுபடி குடித்தார்கள். நம் கம்பளியை வாங்க யாரைக் கட்டாயப்படுத்தலாம் என்று தேடினார்கள். விலை பேசாத வாடிக்கையாளர் யார்? நிறம் பிடிக்கவில்லை என்று முகம் சுளிக்காத வாடிக்கையாளர் யார்? வாங்கிய துணி அரிக்கிறது என்று மறுநாள் கடை வாசலில் வந்து நிற்காத வாடிக்கையாளர் யார்? கண்டுபிடித்தார்கள், சகோதரர்களே, கண்டுபிடித்தே விட்டார்கள். பிணம்.

இந்த ராஜ்ஜியத்தில் இறக்கும் எவரும் ஆட்டு ரோமத்தில் நெய்த கோடியில் மட்டுமே புதைக்கப்பட வேண்டும். லினன் ஆகாது, பட்டு ஆகாது, தைக்கிற நூல்கூடக் கம்பளி நூலாக இருக்க வேண்டும். புதைத்த எட்டு நாளுக்குள் ஒருவர் பைபிளைத் தொட்டு, கம்பளி தவிர வேறெதுவும் சுற்றவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். இல்லையென்றால் ஐந்து பவுண்டு அபராதம். அதில் பாதி, முதலில் ஓடிப்போய்க் காட்டிக் கொடுத்தவனுக்கு. மீதி, ஊர் ஏழைகளுக்கு. கொள்ளை நோயில் செத்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. என்ன கருணை, என்ன கருணை. லினனில் உறங்க ஆசைப்படும் ஏழை, கொள்ளை நோய் வரட்டும் என்று காத்திருக்கலாம்.

நம்மைப் பாருங்கள். கனல் சட்டியைச் சுற்றி நின்று சீப்பைக் காய்ச்சிக் காய்ச்சிக் கம்பளி சீவுகிறோம். நம்மில் எத்தனை பேர் தோளில் நல்ல கம்பளிச் சட்டை இருக்கிறது? நூற்கும் தாய்மார்களே, நீங்கள் நூற்ற நூல் இந்த ஊரை ஆயிரம் முறை சுற்றும்; உங்கள் இடுப்பைச் சுற்றியிருப்பது சாக்கு. உயிரோடு இருப்பவனுக்குச் சட்டை இல்லை. செத்தவனுக்குச் சட்டம் இருக்கிறது. குளிரில் நடுங்குகிறவனைப் பார்த்து இந்தச் சட்டம் சொல்கிறது, கொஞ்சம் பொறு, செத்துப் போ, போர்த்திவிடுகிறேன் என்று.

சிரிக்கிறீர்கள். நல்லது. பெரியவர்கள் இதைச் சட்டமாக எழுதும்போது ஒருவர்கூடச் சிரிக்கவில்லையாம்.

அந்தச் சட்டத்துக்குப் பெரியவர்கள் எப்படிக் கீழ்ப்படிகிறார்கள் என்று பார்ப்போமா? போன இலையுதிர் காலத்தில் நம் முதலாளியின் துணைவியார் காலமானார். நல்ல அம்மாள். அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை சொல்லும் உரிமையும் இல்லை. அந்த அம்மாளுக்கு ஹாலந்து லினனில் கோடி. கழுத்திலும் கையிலும் ஃபிளாண்டர்ஸ் சரிகைப் பின்னல். கம்பளி ஒரு முழம் இல்லை, ஒரு சாண் இல்லை, ஒரு மயிரிழை இல்லை. பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன். கோயில் வாசலில் பெட்டியை இறக்கி மூச்சு வாங்கும்போது, அம்மாளின் தம்பி முதலாளியின் காதோடு பேசியதை என் காதும் கேட்டது.

"மாமா, பாதிரியார் ஜெபம் முடிக்கறதுக்குள்ள நான் நீதவான் வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன். எவனாவது முந்திக்கிட்டா பாதிப் பணம் அவனுக்குப் போயிடும்."

"போ, போ. குதிரை வெளியதான் நிக்குது. கண்ணைத் துடைச்சிட்டுப் போடா, ரோட்டுல நாலு பேரு பாப்பாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். சொந்த அக்காவைக் காட்டிக் கொடுத்தார். அபராதத்தில் பாதி குதிரையேறிப் போய்க் குதிரையேறித் திரும்பி வந்து சேர்ந்தது. மீதிப் பாதி ஏழைகளுக்கு ரொட்டியானது. அடுத்த ஞாயிறு பிரசங்க மேடையிலிருந்து என்ன அறிவித்தார்கள்? பொல்லார்டு குடும்பத்தாரின் தர்மம் என்று அறிவித்தார்கள். குற்றம் செய்ததற்குக் கட்டிய தண்டம், கோயில் வாசல் தாண்டி உள்ளே வருவதற்குள் தர்மமாகிவிட்டது. தண்ணீர் திராட்சரசமான அற்புதத்தை வேதத்தில் படித்திருக்கிறேன். இந்த அற்புதத்தை வெதர்கூமில் நேரில் பார்த்தேன். நாமும் வரிசையில் நின்று தலைவணங்கி ரொட்டி வாங்கினோம். நானும் வாங்கினேன். ரொட்டி கொஞ்சம் காய்ந்திருந்தது.

பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறார். உரக்கச் சொல், தம்பி. "இருந்தாலும் அண்ணே, பொணம் கம்பளி கட்டினா நமக்குத்தானே வேலை" என்கிறாய். நன்றாகக் கேட்டாய். நீ கேட்டதையே முதலாளியும் சொல்கிறார், நீதவானும் சொல்கிறார், பாதிரியாரும் சொல்கிறார். ஆகவே பதில் சொல்ல வேண்டியது என் கடமை. முதலாளியின் கிடங்கில் கோடித்துணி கூரை முட்ட அடுக்கியிருக்கிறதே, அந்தக் கம்பளியைச் சீவியது நீயா? அந்த நூலை நூற்றது உன் மனைவியா? ஆயர் அவர்களே, தாடியைக் கொஞ்சம் விட்டுவிட்டுச் சொல்லுங்கள். பிடஃபோர்டு துறையிலிருந்து நீங்கள் வண்டி வண்டியாய் ஏற்றி வருகிறீர்களே, அது எந்த ஊர் நூல்?

"கார்க் நூலு. அயர்லாந்து. என்னை எதுக்குப்பா இழுக்கிற, நான் இன்னைக்கு ஆயரு" என்கிறார். நன்றி, ஆயரே. ஆயர் வாயால் உண்மை வந்தது. அதுவே இன்றைய திருநாளின் முதல் புதுமை.

கேட்டாயா, தம்பி? சீவியது அயர்லாந்தில். நூற்றது அயர்லாந்தில். அங்கே கூலி இங்கிருப்பதைவிடக் கேவலம், அதனால். உனக்கு வேலை தருவதற்காகவே செத்தவர்கள் கம்பளி கட்டுகிறார்கள் என்றார்கள். செத்தவர்கள் கட்டிவிட்டார்கள். உன் வேலை எங்கே?

உடனே முஷ்டியை மடக்காதீர்கள், சகோதரர்களே. போன வருஷம் மடக்கினோமே, நினைவிருக்கிறதா? அயர்லாந்து நூலை ஒழிப்போம் என்று சந்தை முக்கில் ஒரு மூட்டையைக் கொளுத்தினோம். யாருடைய மூட்டை? முதலாளியுடையதா? முதலாளியின் மூட்டைகள் பூட்டிய கிடங்கில் சுகமாக உறங்கின. நமக்குப் பூட்டு பிடிக்காது, திறந்த கதவுதான் பிடிக்கும். தெருமுனையில் ஒற்றைத் தறி வைத்துப் பிழைத்த ஏழை நெசவாளியின் கதவு திறந்திருந்தது; உள்ளே போய் வீரம் காட்டினோம். முதலாளி சன்னலில் நின்று பார்த்தார். ஏன் பார்க்க மாட்டார்? போட்டிக்கு இருந்த ஒருவனையும் நாமே இலவசமாக ஒழித்துக் கொடுத்தோம்.

வீரம் மிஞ்சிப் போனதால், அன்று அந்த வழியாக வந்த அயர்லாந்து வியாபாரி ஒருவனையும் பிடித்தோம். ஃபெலிம் என்று பெயர். முதுகில் லினன் சுமந்து ஊர் ஊராய் விற்பவன். சேற்றை வாரி அவன்மேல் அடித்தோம். அவன் ஓடவில்லை. மூட்டையின்மேல் சேறு படாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னான்:

"அடிங்கய்யா, அடிங்க. கம்பளி நெசவு பண்ணி வெளிநாட்டுக்கு விக்காதே, நூலை மட்டும் இங்க அனுப்புன்னு உங்க சட்டசபை எங்களுக்குச் சட்டம் போட்டுச்சு. பொழைக்கணும்னா லினன் நெசவு பண்ணிக்கோன்னுச்சு. சரின்னு பண்ணிக்கிட்டு வந்தேன். இங்க வந்தா உங்க ஊரு பொணம்கூட லினன் கட்டக் கூடாதாம். அப்ப நாங்க என்னதான் பண்றது? நீங்களே சொல்லுங்க."

யாராவது சொன்னோமா? அவனிடம் கம்பளியைப் பறித்தவர்கள், நம்மிடம் லினனைப் பறித்தவர்கள், இருவரும் ஒரே ஆட்கள். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே பேனாவில் எழுதியவர்கள். அது நமக்கு உறைக்கவில்லை. கையில் சேறு இருக்கும்போது மூளைக்கு வேலை இருப்பதில்லை. அன்று அவனிடம் மரியாதையாகப் பேசியவர் ஒரே ஒருவர். சேறு படாத துணியில் ஒரு துண்டு விலை கேட்டு வாங்கியவரும் அவரே. வில்மட் டாப்ஸ்காட்.

வில்மட்டை உங்களுக்குத் தெரியும். அவள் கணவனும் நம் தொழில்தான். கனல் சட்டிப் புகை நெஞ்சில் ஏறி இருமி இருமிப் போனான். அவள் நூற்றுத்தான் மகள் டாம்சினை வளர்த்தாள். பத்தொன்பது வயதுப் பெண். ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். அதற்காகத்தான் அந்த லினன். தாயும் மகளும் உட்கார்ந்து கல்யாண அங்கி தைத்தார்கள். ஜனவரியில் காய்ச்சல் வந்தது. அங்கி முடிந்தது, மகளும் முடிந்தாள்.

இதை அலங்காரமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேராகவே சொல்கிறேன். ஒரு தாய், மகளுக்குத் தைத்த கல்யாண அங்கியை மகளுக்குப் போட்டாள். அதன்மேல் சட்டப்படி கம்பளிக் கோடி சுற்றினாள். இதுதான் குற்றம். இந்த ராஜ்ஜியத்தை ஆட்டங்காண வைத்த குற்றம், கம்பளி வணிகத்தின் முதுகெலும்பை முறித்த குற்றம், கப்பல்களைக் கவிழ்த்த குற்றம் இதுதான்.

ஏழைக்குத் தனிப் பெட்டி ஏது? ஊருக்குப் பொதுவாக ஒரு பெட்டி. அதில் தூக்கிப் போய், குழியருகே உடலை எடுத்துக் கோடியோடு இறக்கிவிட்டு, பெட்டியை அடுத்த ஆளுக்காகத் திருப்பிக் கொண்டுவருவோம். போன வாரம் டாம்சினை அப்படி இறக்கும்போது காற்று வீசியது. கம்பளியின் ஓரம் விலகியது. கோயில் காரியஸ்தர் என்ற முறையில் அருகில் நின்ற முதலாளி குனிந்தார். துணி பார்த்துப் பழகிய கண் அல்லவா.

"அது என்ன வில்மட், உள்ள வெள்ளையாத் தெரியுது?"

"பனிங்க, எஜமான்."

"இன்னைக்குப் பனி பெய்யலையே."

மண்ணைத் தள்ளினோம். நான் கொஞ்சம் வேகமாகவே தள்ளினேன். அந்த வெள்ளையை மறைக்கும் அவசரம் எங்களுக்கும் இருந்தது.

அதோடு விட்டிருந்தால் அவர் முதலாளியாக இருந்திருக்க மாட்டார். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று அறிவித்தார். அவர் சொன்ன வார்த்தையை மாற்றாமல் சொல்கிறேன்; தவறிருந்தால் அவரே இங்கிருக்கிறார், திருத்தட்டும்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். எட்டு நாளுக்குள்ள சத்தியம் வரலைன்னா அந்தக் குழியைத் தோண்டிக் கோடியைப் பிரிச்சுப் பாத்துடுவோம். ஒருத்தியை விட்டா நாளைக்கு ஊரே லினனைச் சுத்திக்கும். அப்புறம் நம்ம தொழில் என்ன ஆவுறது?"

சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். கேட்டுக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக் கல்லறையை எவரும் தோண்டவில்லை. தேவையே இல்லை, லினன் என்று அவர் மைத்துனரே சொல்லிவிட்டார். அபராதம் கட்ட முடிந்தவன் வீட்டில் அது தர்மம். கட்ட முடியாதவள் வீட்டில் அது மண்வெட்டி.

சத்தியம் செய்ய ஆள் தேடினோம். உடலைக் கழுவிக் கோடி சுற்றிய அக்னஸ் அக்கா இதோ கதவோரம் நிற்கிறார். எல்லோரும் அவர் வாசலுக்குப் போனோம். "சுத்தினது நான்தான். அந்தப் புள்ளைக்கு அங்கியைப் போட்டதும் நான்தான். ஆனா பைபிள் மேல கையை வெச்சு இல்லைன்னு சொல்ல எனக்கு வராது. அவங்க குழியைத் தோண்டினாங்கன்னா பாவம் அவங்களுக்கு, நான் பொய் சொன்னா பாவம் எனக்கு" என்றார். வில்மட்டும் பொய் சொல்ல மறுத்துவிட்டாள். எஜமானிடம் பனி என்று சொன்ன ஒரு பொய்க்கே அவள் ஒரு வாரமாய் மனம் நொந்து கிடக்கிறாள்.

நேற்று அவள் நம் சீப்புக் கொட்டகைக்கு வந்தாள். நான் கனலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ராட்டையை எடுத்துக்கட்டும், கட்டிலை எடுத்துக்கட்டும், சட்டி பானையெல்லாம் எடுத்துக்கட்டும். குழியை மட்டும் தோண்ட வேணாம்னு சொல்லுங்க. அங்கியோட படுத்திருக்கா. அத்தனை ஆம்பளைங்க நின்னு கோடியைப் பிரிச்சுப் பாப்பாங்களே, அண்ணே. அவளுக்கு வெக்கமா இருக்கும்."

அவளுக்கு வெட்கமாக இருக்குமாம். சகோதரர்களே, இந்தச் சட்டத்தை எழுதியவனுக்கு இல்லாத வெட்கம், இதை வைத்துக் கோடி விற்பவனுக்கு இல்லாத வெட்கம், மண்ணுக்குள் கிடக்கும் அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. கனல் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தேன்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு என்னைச் சங்கத்தை விட்டு நீக்குவதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யலாம். இன்று காலை, ஊர்வலத்துக்கு நீங்கள் கொடி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நான் நீதவான் வீட்டுக்குப் போனேன். போய், வில்மட் டாப்ஸ்காட்டைக் காட்டிக் கொடுத்தேன்.

ஆமாம், காட்டிக் கொடுத்தேன். கத்துங்கள், கத்தி முடியுங்கள், காத்திருக்கிறேன். இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார் போலிருக்கிறது, அவரும் கத்தட்டும்.

நீதவான் கால் வாதத்தோடு முக்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யோவ், உங்க ஊரு ஏழைப் பொம்பளை மேல நீயே வந்து புகார் சொல்றியா?" என்றார். "ஆமாங்க. பெரிய வீட்டுப் பழக்கம்தானுங்க. நாங்களும் அவங்களைப் பாத்துதானே கத்துக்கணும்" என்றேன். அவருக்குக் காலில் வலி இருந்தாலும் வாயில் சிரிப்பு வந்துவிட்டது. வில்மட்டின் சார்பில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன், அபராதத்தைக் கட்டினேன். "சரி, முடிஞ்சுது. கட்டியாச்சுன்னா அந்தக் குழியில இனிமே யாருக்கும் ஒரு வேலையும் கிடையாது. எவனாவது மண்வெட்டியை எடுத்தா எங்கிட்ட வா" என்றார்.

கவனியுங்கள். குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டு, தண்டமும் கட்டப்பட்ட பிறகு, எதைத் தேடி மண்ணைத் தோண்டுவது? இந்த வழியை எனக்குக் காட்டியவர் யார்? சட்டம் படித்தவரா, வழக்கறிஞரா? மேடையில் அமர்ந்திருக்கும் நம் முதலாளிதான். ஆகவே அவருக்கு என் முதல் நன்றி.

என்ன, தலைவரே? "அஞ்சு பவுண்டுக்கு நீ எங்கடா போனே?" என்கிறார். தலைவர் கேட்டால் மறைக்க முடியுமா? முதலாளி மாட்டுக்குக் கொடுத்த ஐந்து பவுண்டு என் பையில் இருந்தது. காலையில் அது நீதவானிடம் போய்ச் சேர்ந்தது. மாடு மட்டும் இன்னும் அதன் கொட்டகையில் இருக்கிறது. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது, காலையில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

முதலாளி எழுந்துவிட்டார். சொல்லுங்கள் முதலாளி, தாய்மார்களுக்கும் கேட்கட்டும். "அது மாட்டுக்குக் குடுத்த காசுய்யா. இவன் திருடன்" என்கிறார். நியாயமான சொல். சங்கத்தின் பணத்தைச் சங்கத்தைக் கேட்காமல் செலவழித்தவன் திருடன்தான். நீங்கள் ஒப்புக்கொண்டால் நான் பொருளாளன், ஒப்புக்கொள்ளாவிட்டால் திருடன். சிறைக்குப் போகவும் தயாராகத்தான் தோய்த்த சட்டை போட்டு வந்திருக்கிறேன். கம்பளிச் சட்டைதான், முதலாளி, பயப்படாதீர்கள்.

கணக்கையும் ஒளிக்கவில்லை. முதலில் காட்டிக் கொடுத்தவன் என்ற முறையில் பாதி என்னிடமே திரும்பியது. அதுதான் இன்று உங்கள் மேசையில் ரொட்டியாகவும், பாலாடைக்கட்டியாகவும், ஆப்பிள் மதுவாகவும் இருக்கிறது. மீதிப் பாதி ஊர் ஏழைகளுக்கு. அதைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியவர் கோயில் காரியஸ்தர். ஏழைகள் வரிசையில் வில்மட்டும் நிற்பாள். முதலாளி, உங்கள் கையாலேயே அவளுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது கொஞ்சம் குனிந்து கொடுங்கள். குழியருகே குனிந்தீர்களே, அந்த அளவு போதும்.

இப்போது கேட்கிறேன், சகோதரர்களே. நம் கையை விற்றோம், நம் மூச்சை விற்றோம், நம் மனைவியரின் இடுப்பு வலியை விற்றோம். வாங்கியவன் போட்ட விலைக்கே விற்றோம். விற்றது அத்தனையும் போக, கடைசியில் ஒரு வெற்றுடல் மிஞ்சுகிறது. உழைக்க முடியாது, கூலி கேட்காது. அதையும் கடைச் சரக்காக்கிக் கணக்கில் எழுதுவார்களாம். அதையும் பிரித்துப் பார்ப்பார்களாம். அதற்கும் நாம் மாட்டுக்கறி தின்றுகொண்டே தலையாட்ட வேண்டுமாம். உயிர் இருக்கும்வரை இந்த உடல் முதலாளியுடையது என்றால் இருக்கட்டும். உயிர் போன பிறகாவது அது பெற்றவளுடையது இல்லையா? என்ன உடுத்தி அனுப்புவது என்று ஒரு தாய்க்குத் தெரியாதா? சட்டசபையைக் கேட்டா அவள் பிள்ளை பெற்றாள்?

சொல்லுங்கள். உங்களுக்கு மாடு வேண்டுமா, அந்தக் குழி மூடியே கிடக்க வேண்டுமா? என் செலவை ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம். முதலாளியிடம் வேலை செய்கிறவர்கள் நன்றாக யோசித்துத் தூக்குங்கள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

முதல் கை பின்வரிசையிலிருந்து வருகிறது. அது யார்? நமக்குத்தானே வேலை என்று முணுமுணுத்த தம்பிதான். தாய்மார்களுக்கு ஓட்டு இல்லை என்கிறார் யாரோ. அவர்கள் ஏற்கனவே தூக்கிவிட்டார்கள், இனி இறக்கச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நடுவரிசையும் எழுந்துவிட்டது. ஆயர் இரண்டு கையையும் தூக்குகிறார். ஒன்று போதும், ஆயரே. அங்கே இரண்டு பேர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு மாட்டின் மேல் உண்மையான பக்தி. அதை நான் மதிக்கிறேன். தலைவரே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தலைவர் எழுந்து நிற்கிறார். கையைத் தூக்கியிருக்கிறார். அறுபது ஆண்டு சீப்புப் பிடித்த அந்தக் கை மேலே போனால், வெதர்கூமில் அது தீர்மானம்.

ஆகவே நான் முன்மொழிய வந்த தீர்மானத்தை முன்மொழிகிறேன். இந்த ஊரில் நூற்றுப் பிழைக்கும் ஏழை ஒருத்தியின் மகள் லினன் உடுத்தி உறங்குவதற்குத் துணி முதலாளி ஒருவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தது இதுவே முதல் முறை. மனமறிந்து கொடுக்கவில்லை என்பது சிறு குறை. இருந்தாலும் கொடுத்தார். பெருந்தகை ஹம்ஃப்ரி பொல்லார்டு அவர்களுக்கு இந்தச் சங்கம் தன் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறது. உட்காருங்கள் முதலாளி, கைதட்டல் உங்களுக்குத்தான்.

தலைமை தாங்கிய ஐயாவுக்கும், பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், கால் கடுக்க நின்ற தாய்மார்களுக்கும் நன்றி. வில்மட் அம்மா, நீ கதவருகே நிற்பது தெரியும், அழ வேண்டாம். வீட்டுக்குப் போ. உன் மகளை யாரும் தொட மாட்டார்கள். கல்யாண அங்கியோடு அவள் நிம்மதியாகத் தூங்கட்டும். எல்லோருக்கும் வணக்கம்.